ஏறும்போது சொட்டாத புட்டி

பைக்காரா படகு இல்லத்து வாசலில் கேஸில் ஓடும் ஓர் ஆம்னி வேன் நின்றது. முன் சீட்டைத் தூக்கிக் காட்டினார் டிரைவர். என்ஜின் ஓரமாக ஒரு சின்னப் புட்டி, அதிலிருந்து மேனிஃபோல்டுக்கு மெல்லிய குழாய். "வால்வு ஆயில் சார். கூடலூர்ல கிளம்பினப்ப இருந்த கோடு, அப்படியே இருக்கு பாருங்க. சிக்கனமான சரக்கு!"

அவர் பெருமைப்பட்ட இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கேஸைக் குறை சொல்ல வரவில்லை. பெட்ரோல் மாதிரி அது சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவுவதில்லை. ரிங்குகள் நீடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கறுக்காது. அடி வாங்குவது மேலே, ஹெட்டில். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 வரை விற்றது; அந்த ஈயம் வால்வுக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவே மெத்தைபோலப் படியும். ஈயமில்லாப் பெட்ரோலிலும் ஏதோ கொஞ்சம் கசடு படியும். கேஸில் அதுவும் இல்லை. சூடேறிய இரும்போடு இரும்பு மோதி, நுண்துகளாய் ஒட்டிப் பிய்ந்து, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் அமிழ்கிறது.

அமிழ அமிழ டேப்பெட் இடைவெளி குறையும். தேய்ந்த என்ஜின் சத்தம் போடும் என்று பழகிய காதுக்கு இது பிடிபடாது. வண்டி முன்னைவிட அமைதியாகவே ஓடும். இடைவெளி தீர்ந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்பிரஷன் போகும், வால்வு கருகும்.

இதற்குத்தான் புட்டி. ஆனால் எண்ணெயை இழுப்பது மேனிஃபோல்டின் வெற்றிடம். கூடலூரிலிருந்து நடுவட்டம் வரை செகண்ட் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி ஏறும்போது அந்த வெற்றிடம் அனேகமாக இல்லாமல் போகிறது. வால்வு மிகவும் கொதிப்பது அப்போதுதான். காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது எண்ணெய் தாராளமாகப் போகும், தேவையில்லாத நேரத்தில். சமவெளி டவுன் ஓட்டத்துக்கு ஓரளவு உதவலாம். மலைக்கு இதை நம்பி ஹெட்டைத் திறந்து பார்க்காமல் விடுவது ஆபத்து. என்ஜின் ஓட்டத்தை அறிந்து அளந்து விடும் மின்னணு வகை இதைவிட மேல், விலையும் அப்படி.

என் ஓட்டு கடினமான வால்வு சீட்டுகளுக்கே. ஹெட்டை இறக்கிச் செய்யும் வேலை, செலவு கடிக்கும். ஹெட் எப்படியும் இறங்கும் சமயத்தில் செய்துகொள்ளலாம். அதுவரை சர்வீஸ்தோறும் ஃபீலர் கேஜ் போட்டு, ஒவ்வொரு வால்வின் அளவையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். ஏற்றத்தில் மட்டும் சுவிட்சைப் பெட்ரோலுக்குத் திருப்பலாம். அந்த டிரைவரிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எதுக்கு சார் கேஸ்?" என்று கேட்டார். பெட்ரோல் விலையை நினைத்தால் அதுவும் நியாயம்தான்.