ஈஸ்ட்டுக்கு வயசா, பானைக்கு வயசா?

2019இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எம்பயோ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அகழாய்வில் கிடைத்த மண்பாண்டங்களிலிருந்து உயிருள்ள ஈஸ்ட் எடுத்து, அதிலேயே பீர் காய்ச்சிக் குடித்தும் பார்த்தார்கள். பாண்டங்களில் மிகப் பழையதற்கு வயது ஏறக்குறைய 5,000 வருஷம். ஈஸ்ட் அவ்வளவு காலம் தூங்கி எழுந்துவிட்டது என்கிற தொனியில்தான் செய்திகள் வந்தன. இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது.

கட்டுரையைப் படித்தால், அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மண்ணின் நுண்துளைகளில் தங்கிய ஈஸ்ட், மிச்சமிருந்ததைத் தின்று தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. அதாவது, கிடைத்தது பேரன்தான், தாத்தா இல்லை.

நம்மூர் ஆளுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. பனங்கள் இறக்கும் கலயத்தில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பழைய கலயமே பாதி வேலையைப் பார்த்துவிடும். பதநீர் வேணும்னா உள்ளே சுண்ணாம்பு தடவணும், இல்லாட்டி புளிச்சிடும். மண்பாண்டம் நுண்ணுயிரைப் பிடித்துவைக்கும் என்பது பனையேறிக்குத் தெரிந்த விஷயம்.

ஆனால் 'பிடித்துவைக்கும்' என்பதற்கும் '5,000 வருஷம் பிடித்துவைத்தது' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. மது வைக்காத பாண்டங்களிலும் சுற்றியிருந்த மண்ணிலும் ஈஸ்ட் அரிதாகவே கிடைத்தது என்பது அவர்களுடைய வலுவான வாதம். நல்ல வாதம்தான், ஒத்துக்கறேன். மரபணுவும் மது காய்ச்சும் வகைகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் அது என்ன ஈஸ்ட் என்பதைத்தான் அது காட்டும், எப்போது உள்ளே வந்தது என்பதைக் காட்டாது. சர்க்கரை மிச்சம் இருக்கிற பானைக்கு நூறு வருஷம் முன்னாடி வேறு ஈஸ்ட் குடிவந்திருக்கக் கூடாதா?

1995இல் கேனோவும் போருக்கியும் அம்பரில் சிக்கிய தேனீயிலிருந்து கோடிக்கணக்கான வருஷம் பழைய பாக்டீரியா வித்துகளை எழுப்பியதாகச் சொன்னபோதும் வெளியிலிருந்து வந்த கலப்படம்தானா என்ற இதே சந்தேகம்தான் எழுந்தது. அது பாக்டீரியா வித்து, இரும்புப் பெட்டி மாதிரி. ஈஸ்ட்டின் வித்து அவ்வளவு தாங்காது. என் ஃப்ரிட்ஜில் பிரித்து இரண்டு வருஷம் கிடந்த பாக்கெட்டைப் போன வாரம் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டேன். பத்து நிமிஷம், அரை மணி நேரம், ஒரு குமிழிகூட வரவில்லை.

கார்ல்ஸ்பெர்க் 1883ஆம் வருஷப் புட்டியிலிருந்து ஈஸ்ட் எடுத்து 2016இல் காய்ச்சியது எனக்கு இதைவிட நம்பும்படி இருக்கிறது. மூடிய புட்டி, தெரிந்த வருஷம், எமில் ஹேன்சன் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்த வகை. இங்கே ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துக் கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பியிலும் தயாரித்த தேதி இருக்கும். பானையில் அது இல்லை.

ருசி நல்லா இருந்ததுன்னு அவர்கள் சொல்வது ஆதாரமே ஆகாது. நானே காய்ச்சிப் பார்க்கலாம்னா 1937 மதுவிலக்குச் சட்டம் விடாது. ஆப்ப மாவுதான் கதி. பரணில் பத்து இருபது வருஷமாகத் தொடாத கள்ளுக் கலயம் யார் வீட்டிலாவது இருந்தால், கழுவாமல் எடுத்து வையுங்கள்.