பின்விளக்கு படுத்தும் பாடு

என் பிக்கப்பின் கேபின் ஓரத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று) முடியும் தேதி பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அந்தத் தேதி நெருங்கினாலே எனக்கு இடது பின்விளக்கு நினைவுக்கு வந்துவிடும். இஞ்சின் நினைவுக்கு வந்ததே இல்லை.

எத்தனை சிசி, எவ்வளவு பாரம் என்பதெல்லாம் ஷோரூம் நோட்டீஸில் இருக்கிறது. கம்பெனி பெயரும் வேண்டாம். அடுத்த வண்டியும் அவர்களிடமே எடுப்பதாக இருக்கிறேன். விடியற்காலையில் கோவளத்துக்குப் போய் மீன் ஏற்றி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜிஎஸ்டி ரோடு. மதியத்துக்கு மேல் பொத்தேரியில் அறை மாறும் கல்லூரிப் பிள்ளைகளின் கட்டில், மேசை. ஒன்பது வருடமாக இஞ்சின் முகம் சுளித்ததில்லை. ஸ்பிரிங் பட்டை ஒன்றுகூட உடைந்ததில்லை.

ஆனால் அந்த விளக்கு! தொட்டிக்கு அடியில், சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேராக விழும் இடத்தில் தொங்குகிறது. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் பலகை இடுக்கு வழியே அதன் தலையில்தான் வடியும். லோடு ஏற்றுபவருக்கு அதுதான் படிக்கட்டு. கம்பி வலை போட்டிருக்கிறார்கள்; வலை முதலில் துருப்பிடித்தது, பிறகு விளக்கின் மேலேயே சாய்ந்துகொண்டது. வடிவமைத்தவர் ஒரு நாளாவது மீன் லோடு அடித்திருந்தால் இதை ஒரு சாண் மேலே வைத்திருப்பார்.

வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டால் எஃப்.சி. வருடாவருடம், அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தேதி தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல். அதனால் ஒரு மாதம் முன்பே டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் (முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு) எல்லாம் முடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோய் நிறுத்தினேன். வரிசையில் பொலேரோ, தோஸ்த் எல்லாம் நின்றன. 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸும் இருந்தது. எல்லாவற்றின் மேலும் புதுப் பெயின்ட் வாசம்.

சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தாயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் பின்னால் போய் நின்றார்.

“பிரேக் அடி.”

அடித்தேன்.

“என்னப்பா, பிரேக் அடிச்சா இண்டிகேட்டர் கண்ணடிக்குது?”

திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. பின்விளக்கின் எர்த் ஒயர் சேசிஸில் ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. உப்பு ஏறிப் பச்சை பூத்ததும் அங்கே தொடர்பு விட்டுப்போகிறது. பிரேக் விளக்குக்கு வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றுகிறது. இரண்டும் அரைகுறையாக எரியும். பல்பு போய்விட்டது என்று நினைத்து வாங்கிய பல்புகள் மட்டும் டேஷ்போர்டில் ஆறு கிடக்கின்றன. பிரிட்டனில் 1960 முதல் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையிலும் வண்டிகள் அதிகம் கோட்டைவிடும் இடங்களில் விளக்கும் ஒன்று என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

நம் நாட்டில் ரோலர் மேல் ஏற்றிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021-இல் விதி வந்தது. கட்டாயமாக்கும் தேதி 2023 ஏப்ரலிலிருந்து 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பிக்கப்காரனுக்கு அங்கே வேறு கவலை. தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் வால்வு ஒன்று பல பிக்கப்களில் உண்டு. காலி வண்டியோடு போனால் நல்ல பிரேக்கும் ரோலரில் சோப்ளாங்கியாகத் தெரியலாம். அங்கே போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்; இப்போது விளக்கு.

எலக்ட்ரீஷியன் திருகாணியைக் கழற்றி, உப்பு அரித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்ததும் புது வளையம் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினார். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்துக்கொடுத்தார். கால் மணி நேர வேலை. கம்பெனி அந்த ஒயரை முதலிலேயே போட்டிருக்கலாம்.

மறுபடி போனேன். பிரேக் அடித்தேன். சிவப்பு மட்டும் பளிச்சென்று எரிந்தது. பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கோவளத்தில் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பையன், அந்த இடது விளக்கின் மேல் கால் வைத்துத்தான் ஏறினான்.