கிங் மீண்டும் கண் விழித்தபோது

மார்ட்டின் லூதர் கிங் 1968இல் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது வரலாறு. அவர் இறக்கவில்லை, முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆழ்மயக்கத்தில் கிடந்து 2000இல் கண் விழித்தார் என்பது ஆரோன் மெக்ரூடரின் ‘த பூண்டாக்ஸ்’ கார்ட்டூன் தொடரில் வந்த கற்பனை. அப்பகுதி கிங்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று, 2006இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று.

மீண்டுவந்தவரை நாடு கொண்டாடுகிறது. செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்கிறது. பதிலடி குறித்துத் தொலைக்காட்சியில் கேட்கப்படும்போது, பகைவரையும் நேசிக்கவே கிறிஸ்தவம் கற்பிக்கிறது என்கிறார் கிங். வாழ்நாளெல்லாம் அவர் போதித்துவந்ததும் அதுவே. உடனே அவர் துரோகியாகிவிடுகிறார். அந்த ஆண்டுகளில் அப்பட்டம் எத்துணை மலிவாக வழங்கப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சர்ச்சை எழுந்ததோ வேறொரு காட்சிக்காக. ஆங்கிலத்தில் கட்சிக்கும் கேளிக்கை விருந்துக்கும் ஒரே சொல். அச்சிலேடையின் பயனாக, கிங் தொடங்க எண்ணிய அரசியல் கட்சியின் கூட்டம் களியாட்டமாகிவிடுகிறது. பேசவிடாது இரையும் தம் கறுப்பின மக்களை நோக்கி, வெள்ளையர் அவர்களை இழிவுபடுத்தக் கையாண்ட வசைச்சொல்லையே கிங் திரும்பத் திரும்ப வீசுகிறார். மதகுரு அல் ஷார்ப்டன் மன்னிப்புக் கோருமாறு வலியுறுத்தினார். பின்னர் இதே பகுதிக்குப் பீபடி விருது கிடைத்தது.

ஷார்ப்டனின் சினத்தை நாம் எள்ளுவதற்கில்லை. அடிபட்டவனுக்கே சொல்லின் எடை தெரியும். ஆயினும் இப்படைப்பின் உண்மையான அதிர்ச்சி அந்த வசையில் இல்லை என்றே கருதுகிறோம். 1967இல் வியட்நாம் போரைக் கண்டித்ததற்காக நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட ஏடுகள் கிங்கைக் கடிந்து எழுதின. எனவே துரோகிப் பட்டக் காட்சியில் மிகை குறைவு. விடுமுறை நாளாகவும் சிலையாகவும் சமைந்துபோன மனிதர் அங்கே மீண்டும் பேசத் தொடங்குகிறார். அவரைப் போற்றுவோர் நெளிகின்றனர்.

வசைமாரிக் காட்சியில் இக்கூர்மை மழுங்குகிறது. கறுப்பரைக் கறுப்பரே ஏசுகையில், வெள்ளைப் பார்வையாளர் தமக்கொன்றும் இல்லையெனச் சாய்ந்தமர்ந்து சிரிக்கலாம். 2007இல் ‘சவுத் பார்க்’ அவ்வசதியை அளிக்கவில்லை. அதில் ஒரு வெள்ளைத் தந்தை தொலைக்காட்சிச் சொற்போட்டியில் அதே சொல்லை உச்சரித்துவிடுகிறார். ஊரார் அவரைக் கேலி செய்ய, அவரைக் காக்கச் சட்டமே பிறக்கிறது! அவருடைய மகன், ‘உன் வலி எனக்குப் புரிகிறது’ என்று கறுப்பின நண்பனிடம் அத்தியாயம் முழுதும் சொல்லித் தோற்கிறான். தனக்குப் புரியவில்லை, ஒருபோதும் புரியப்போவதுமில்லை என்று இறுதியில் அவன் ஒப்புக்கொண்ட பின்னரே நண்பன் முகத்தில் இணக்கம் தெரிகிறது.