பேசாத சாட்சி

நாவல் எழுதுகிறவன் பிரயாணக் கட்டுரை எழுதப் புகுந்தால் அவனுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நாவலில் அவன் சொன்னதெல்லாம் நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பிரயாணக் கட்டுரையிலோ, முதல் வரியிலேயே அவன் வாசகனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு விடுகிறான். போனேன், பார்த்தேன், கேட்டேன் என்று மூன்று வார்த்தைகள். இந்த மூன்றையும் நம்பித்தான் வாசகன் காசு கொடுத்துப் புத்தகத்தை வாங்குகிறான். கதை பண்ணியே பழகிய கைக்கு இந்த மூன்று வார்த்தைகளுக்குள் அடங்கி நிற்பது லேசான காரியமில்லை.

இந்தச் சங்கடத்தைப் பற்றி யோசிக்க, ஜான் ஸ்டீன்பெக் 1962இல் வெளியிட்ட 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற புத்தகத்தைக் காட்டிலும் தோதானது வேறு எனக்குத் தோன்றவில்லை. நம்மில் பலருக்கு அவர் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதியவராக அறிமுகமானவர். ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அமெரிக்காவைப் பற்றியே எழுதிப் பிழைக்கிறோம். ஆனால் அந்தத் தேசத்தைக் கண்ணால் பார்த்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதே என்று. முந்தின ஆண்டின் கடைசியில் நோயில் படுத்து எழுந்தவர், ஒரு முக்கால் டன் டிரக்கின் முதுகில் சின்ன வீடு ஒன்றைக் கட்டச் சொல்கிறார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பிடம் எல்லாம் அதற்குள். டான் க்விக்ஸாட்டின் நோஞ்சான் குதிரையின் பெயரான ரோஸினான்டே என்பதையே வண்டிக்கும் வைக்கிறார். துணைக்குச் சார்லி. பிரான்ஸில் பிறந்த வயதான பூடில் நாய். 1960 செப்டம்பரில் நியூயார்க்குக்குக் கிழக்கே இருக்கும் ஸாக் ஹார்பரிலிருந்து கிளம்பி, வடக்கே மெய்ன், மேற்கே பசிபிக் கரை, தெற்கே டெக்ஸாஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று பத்தாயிரம் மைல் சுற்றித் திரும்புகிறார். புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

சார்லி வரும் பக்கங்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன. நாயின் முன்பற்கள் கோணலாக இருப்பதால் அதற்கு 'ஃப்' என்ற ஒலியை உச்சரிக்க முடியுமாம். வெளியே போக வேண்டுமென்றால் காதருகே வந்து அந்த ஒலியை எழுப்புமாம். சாதுவான அந்த நாய், யெல்லோஸ்டோன் காட்டில் கரடியைக் கண்டதும் கொலைவெறி பிடித்துக் குதிக்கிறது. வழியில் அதற்கு நீர் இறங்காமல் போய்விடுகிறது. ஓர் ஊரில் வாய்த்த மிருக வைத்தியர் ஏனோதானோ என்று தொடுகிறார். டெக்ஸாஸில் வாய்த்தவர் அதன்மேல் கை வைத்த விதத்திலேயே, இவர் தெரிந்தவர் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. வைத்தியரின் கையை வைத்தே அவருடைய மனத்தைச் சொல்லிவிடுவது பெரிய எழுத்தாளனால்தான் ஆகும்.

சார்லிக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அது தூதுவன். மெய்ன் மாகாணத்தில் உருளைக்கிழங்கு தோண்ட வந்த கனடாக்காரக் குடும்பங்கள் கூடாரம் போட்டிருக்கின்றன. ஸ்டீன்பெக் நாயை அவிழ்த்துவிடுகிறார். அது கூடாரத்துப் பக்கம் போகிறது. பிறகு இவர் போய், என் நாய் தொந்தரவு செய்ததா என்று மன்னிப்புக் கேட்டு, ராத்திரி நம் வண்டிக்கு வாருங்கள் என்று அழைக்கிறார். அவர்கள் வருகிறார்கள். மது ஊற்றிக் கொடுக்கிறார், பேச்சு நடக்கிறது.

அழகான காட்சிதான். ஆனால் எனக்கு இங்கேதான் முதல் நெருடல். பத்தாயிரம் மைல் போகிற இந்த மனிதர் அநேகமாக எங்குமே விருந்தாளி இல்லை. எங்கும் அவரே உபசரிப்பவர். வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இன்னொருவர் வீட்டுப் படியேற வேண்டிய தேவை எங்கிருந்து வரும்?

நம் பக்கத்துப் பிரயாணம் வேறு மாதிரி நடந்தது. எங்கள் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் இப்போது பஸ்ஸில் ஒரு மணி சொச்சம். நடந்து போன காலத்தில் அது ஒரு நாளில் தீராத வழி. தரிசனத்துக்குப் போனவன் சத்திரத்தில் தங்கினான். சத்திரம் இல்லாத ஊரில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்தான். திண்ணையில் படுத்தவன் எந்த ஊர், யார் மகன், எத்தனை பிள்ளைகள், என்ன ஜாதி என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாதவனுக்குத் திண்ணையும் இல்லை. அந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிரயாணி ஊரை விசாரிக்கும் முன்பே ஊர் அவனை விசாரித்துவிட்டது. ஸ்டீன்பெக்கை யாரும் விசாரிக்கவில்லை. தம்மை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அவர் சந்தோஷப்படுகிறார். எனக்கென்னவோ அது அவருடைய நஷ்டம் என்றே படுகிறது.

இனி அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் நேர்ந்த கதைக்கு வரலாம். 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஸ்டீன்பெக் போன வழியிலேயே தாமும் காரில் போனார். அவருடைய கடிதங்களையும், நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கும் கைப்பிரதியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஒப்பிட்டதில் தெரிந்தது இது: தனிமைப் பிரயாணம் என்று நாம் நம்பியதில் பல ராத்திரிகள் ஓட்டல்களிலும் மோட்டல்களிலும் நண்பர் வீடுகளிலும் கழிந்திருக்கின்றன. பசிபிக் கரையில் நெடுகவும் மனைவி எலைன் கூடவே இருந்திருக்கிறார். கைப்பிரதியில் இருக்கும் எலைன் அச்சில் அந்தப் பகுதியிலிருந்து மறைந்துவிட்டார். வடக்கு டக்கோட்டாவில் ஆலிஸ் என்ற ஊரருகே வண்டியை நிறுத்தித் தங்கியதாகவும், அங்கே ஷேக்ஸ்பியர் வசனம் பேசித் திரியும் நாடோடி நடிகர் ஒருவரைச் சந்தித்ததாகவும் புத்தகத்தில் வருகிறது. அந்த ராத்திரி அவர் வெகுதூரம் தள்ளி பீச் என்ற ஊரில் தங்கியிருந்தார் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு 2012இல் வந்தபோது, முன்னுரை எழுதிய ஜே பரினி, இதை நூற்றுக்கு நூறு நடந்த கதையாகக் கொள்ள வேண்டாம், ஒரு நாவலாசிரியர் நாவலாசிரியராகவே எழுதியது என்ற கருத்தில் எச்சரிக்கை சேர்க்க வேண்டியதாயிற்று.

இதைக் கேட்ட வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மோசடி என்றது ஒன்று. இலக்கியத்துக்குப் போலீஸ் விசாரணை எதற்கு என்றது மற்றொன்று. எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. புத்தகத்தைக் கண்ணை விரித்துப் படித்தால், துப்பறிகிறவர் வருவதற்கு முன்பே எது கண்டது, எது கட்டியது என்று தெரிந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சான்று புத்தகத்தின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது.

1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியில், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்புச் சிறுமி சேர்க்கப்பட்டாள். பள்ளி வாசலில் தினமும் வெள்ளைக்காரப் பெண்கள் கூடிநின்று அந்தக் குழந்தையை ஏசினார்கள். கூட்டம் அதைக் கைதட்டி ரசித்தது. வண்டியையும் சார்லியையும் விட்டுவிட்டு, டாக்ஸி வைத்துக்கொண்டு ஸ்டீன்பெக் அங்கே போகிறார். மத்திய அரசின் காவலர்கள் நடுவில் வெள்ளை உடுப்பில் ஒரு சின்னஞ்சிறு பெண் வருகிறாள். நடந்துகொண்டிருந்தவள் வழியில் ஒரு துள்ளல் துள்ளப் பார்க்கிறாள். குழந்தைகள் பத்தடிக்கு ஒரு தரம் துள்ளுவார்களே, அந்தத் துள்ளல். பாதியிலேயே அது அமுங்கிப்போகிறது.

நூறு பக்கம் வாதித்தாலும் வராதது அந்தப் பாதித் துள்ளலில் வந்துவிட்டது. இதை உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது என்பது என் நம்பிக்கை. பள்ளி வாசலில் அவர் தமது வண்டிக்குள் இல்லை; யாருக்கும் மது ஊற்றிக் கொடுக்கவில்லை; கூட்டத்தில் ஒருவராக, வயிற்றைக் கலக்கிக்கொண்டு நின்றார்.

இதற்கு அடுத்த பக்கங்களைப் பாருங்கள். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் வருகிறார்கள். படித்த, பண்பான தென்னாட்டு வெள்ளைக்காரர் ஒருவர். பயந்து வாய் திறக்காத கறுப்புக் கிழவர் ஒருவர். துவேஷம் கக்கும் வெள்ளையன் ஒருவன். பொறுமை இழந்த கறுப்பு மாணவன் ஒருவன். ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். சபா நாடகத்தில் பிரச்னையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பாத்திரம் நிற்குமே, அந்த வரிசைதான். இவர்கள் உண்மையிலேயே வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தாலும் எழுத்தில் அவர்களுக்கு உயிர் இல்லை. 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதியவர் ஒரு பாத்திரத்தை இத்தனை சோகையாக விட்டிருக்க மாட்டார். ஆகவே என் குற்றச்சாட்டு, அவர் கற்பனை செய்தார் என்பதில்லை. நாவலுக்குக் கொடுக்கும் உழைப்பைக் கொடுக்காமல், 'நடந்தது' என்ற முத்திரையை நம்பி, கற்பனையை மலிவாக விட்டார் என்பதே.

சார்லி பகுதிகள் ஏன் பிழைத்தன என்பதும் இதிலிருந்தே விளங்கும். நாயோடு அவர் வாதம் புரிகிறார். நாயும் பதில் சொல்கிறது. நாய் பேசாது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அங்கே ஏமாற்று இல்லை, விளையாட்டு இருக்கிறது. ஆனால் பேசாத துணைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: அது சாட்சி சொல்லாது. தருமபுத்திரன் பின்னால் கடைசிவரை போன நாய், தருமமே வேஷம் போட்டு வந்தது. அவனைச் சோதித்துப் பார்க்க வந்தது. சார்லி யாரையும் சோதிக்கவில்லை. சோதித்திருக்கக்கூடிய மனைவியையோ அச்சிலிருந்து எடுத்தாகிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு நம்முடைய 'நடந்தாய் வாழி காவேரி' ஞாபகம் வருகிறது. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவேரிக் கரையோடு பிரயாணம் செய்து சேர்ந்து எழுதி, 1971இல் வந்த புத்தகம். 'மோகமுள்'ளை எழுதியவருக்கு, வழியில் கண்ட ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒரு ஜன்மத்தையே கட்டிவிடும் சக்தி உண்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிட்டி. விமர்சகர்; ஹாஸ்யம் தெரிந்தவர்; பின்னாளில் சிவபாதசுந்தரத்தோடு சேர்ந்து தமிழ் நாவலின் வரலாற்றையே எழுதியவர். அப்படிப்பட்டவர் கூட இருக்கும்போது, இல்லாத ஷேக்ஸ்பியர் நடிகரைப் பிடித்துக்கொண்டு வர முடியாது. நதியும் ஒரு சாட்சி. ஹொகேனக்கலும் கல்லணையும் இருந்த இடத்தில் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகம் தரும் நிம்மதிக்கு இந்த இரண்டு சாட்சிகளும் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்காக நாம் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஒத்த ரசனையுள்ள நண்பர்கள் சேர்ந்து போனால், பொய் வராமல் காத்துக்கொள்ளலாம். ஆனால் இருவருக்கும் பிடிக்காதது கண்ணில் படாமலே போகவும் கூடும். பொதுவாகவே நம் பிரயாண எழுத்தில் கோபுரம் தெரிகிற அளவுக்குத் தெரு தெரிவதில்லை. சிதம்பரத்துக்கு வந்து நடராஜரைப் பற்றி எழுதாமல் போன எழுத்தாளர் இருக்க மாட்டார். அதே ஊரில், நந்தன் பெயரால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய பள்ளியின் வாசலில் வண்டியை நிறுத்தியவர் எத்தனை பேர்? நந்தன் கதையை உருகி உருகி எழுதிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். நியூ ஆர்லியன்ஸில் ஒரு பள்ளி வாசலில் போய் நின்ற ஸ்டீன்பெக்குக்கு, மற்ற பொய்களையெல்லாம் மன்னித்து, நான் வணக்கம் சொல்வது இதனால்தான். நிற்க வேண்டிய இடம் எது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவரால் பிரயாணத்தைத் தொடர முடியவில்லை. வர்ஜீனியாவில் அபிங்டன் அருகே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் பிரயாணம் முடிந்துவிட்டது என்கிறார். அதன்பின் தார் ரோட்டைத் தவிர அவர் கண்ணில் எதுவும் படவில்லையாம். இதை நான் முழுக்க நம்புகிறேன். ரோஸினான்டே இப்போது அவர் பிறந்த ஸலினாஸில் ஒரு காட்சிசாலையில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் உள்ளே இருக்கும் படுக்கையையும் அடுப்பையும் எட்டிப் பார்க்கிறார்கள். புத்தகத்தின் ஆகச் சிறந்த பக்கங்களை அவருக்குக் கொடுத்ததோ, அந்த வண்டியை விட்டு இறங்கி டாக்ஸியில் போன அந்த ஒரு காலைப்பொழுது.