தாழியா, கலமா? ஐரோப்பியத் தோட்டக் கலங்களின் மட்பாண்ட மூலமும் தமிழ்ப் பெயரீடும்

ஐரோப்பிய மாளிகைத் தோட்டங்களில் பீடத்தின்மேல் நிற்கும் கற்கலங்களை ஆங்கிலம் ‘அர்ன்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறது. அதனைத் ‘தாழி’ எனத் தமிழாக்குவது எளிது. தயிர் கடையும் கலத்துக்கும் நம் மொழியில் தாழி என்றே பெயர். ஆயினும் இன்றைய ஆய்வுலகில் அச்சொல் முதலில் எழுப்புவது ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழியைத்தான். புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனோடு தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி ஒரு பெண் குயவரை வேண்டுவதும் அத்தாழியையே. இவ்வளவு கனத்த சொல்லை நவசெவ்வியல் தோட்டக் கலத்தின்மீது ஏற்றினால், அக்கலத்தின் பிறப்பு மறைந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரிந்த வாய், மலரிதழ்போல் புறம் சாயும் விளிம்பு, கீழே தாழ்ந்த இரு கைப்பிடிகள், குறுகிய அடித்தண்டு: இவ்வடிவம் கிரேக்கரின் ‘கிராட்டர்’ என்னும் மட்கலத்துக்கு உரியது. விருந்தில் மதுவோடு நீரைக் கலப்பதற்கு அக்கலம் பயன்பட்டது. முகந்து எடுப்பதற்காகவே வாய் அகன்றது. அதே வடிவம் கல்லுக்கு மாறியபோது பயன் உதிர்ந்து அசைவற்ற தோற்றம் மட்டும் எஞ்சியது. எவரும் தூக்கவியலாத கலத்துக்குக் கைப்பிடி எதற்கு? அது தன் மட்பாண்ட முன்னோரை நினைவுகூர்கிறது, அவ்வளவே.

இந்த மாற்றத்தை 18ஆம் நூற்றாண்டின் செயலாகக் கருதுவோர் உளர். உண்மையில் அது உரோமர் காலத்திலேயே நிகழ்ந்தது. இன்று லூவர் அருங்காட்சியகத்திலுள்ள போர்கேசே கலம், ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரமுள்ள பளிங்குக் கிராட்டர். டயோனைசசின் களியாட்டக் கூட்டம் அதன் உடலைச் சுற்றி வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஏதென்சுப் பட்டறைகள் உரோமச் செல்வருக்காக இத்தகைய கலங்களைச் செதுக்கின. துனீசியக் கரையருகே மாதியாவில் 1907இல் கண்டறியப்பட்ட மூழ்கிய கப்பலின் சரக்கில் இதே வகைப் பளிங்குக் கிராட்டர்கள் இருந்தன. அதாவது, தோட்ட அணிகலன் அன்றே ஏற்றுமதிப் பொருள். போர்கேசே கலம் உரோமின் சல்லசுத்துத் தோட்டப் பகுதியில் 1566இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதன் படிகளும் மெடிச்சி கலத்தின் படிகளும் பிற்பாடு வெர்சாய் தோட்டத்தில் நின்றன. எனவே நவசெவ்வியல் கலம் படியின் படி; அதை இழிவாகச் சொல்லவில்லை, அதன் மரபே அதுதான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதைத் தள்ளிவிட இயலாது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஏதென்சின் டிப்பிலோன் இடுகாட்டில் பெரிய கிராட்டர்கள் கல்லறை அடையாளமாகத் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டன. மதுக்கலமே ஈமக்குறியாயிற்று. ஆனால் அவை பெருமளவில் அகழப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நவசெவ்வியல் சிற்பியர் அவற்றை அறியார். அவர்கள் அறிந்த ஈமமரபு வேறு: உரோமர் சாம்பல் இட்டுவைத்த, மூடியுள்ள ‘உர்னா’. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் சென்சுடன் தம் லீசோவ்சு தோட்டத்தில் மறைந்த நண்பர் வில்லியம் சாமர்வில்லுக்கு நினைவுக்கலம் நிறுத்தியபோது இந்த இரண்டாம் மரபே தோட்டத்துள் நுழைந்தது. வாய் திறந்தது விருந்தின் வழி, மூடியிட்டது சாவின் வழி. ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் கலந்துவிட்டது.

பெயர்க்குழப்பம் அக்காலத்துக்குப் புதிதன்று. சோசையா வெட்சுவுட் 1769இல் திறந்த மட்பாண்டத் தொழிலகத்துக்கு ‘எட்ரூரியா’ எனப் பெயரிட்டார். இத்தாலியில் கிடைத்த கிரேக்க மட்கலங்களை எட்ரூசுக்கருடையவை என அக்காலத்தார் நம்பியதே காரணம். அதே 1769இல் இலண்டன் இலாம்பெத்தில் எலினர் கோடு தம் தொழிலைத் தொடங்கினார். ‘கோடு கல்’ என விற்கப்பட்ட அவருடைய தோட்டக் கலங்கள் கல்லே அல்ல. களிமண்ணோடு சுட்ட மட்பொடி, தீக்கல், குவார்ட்சு மணல், கண்ணாடி ஆகியவற்றைக் கலந்து அச்சிலிட்டுச் சூளையில் சுட்டவை. மண்ணிலிருந்து பளிங்குக்குப் போன வடிவம் மீண்டும் மண்ணுக்கு வந்தது, ஆனால் கல் வேடத்தில். இத்துறையில் எனக்கு மிக வியப்பளிப்பது இதுவே. பின்வந்த வார்ப்பிரும்புக் கலங்களில் இந்த நுட்பம் இல்லை.

திறந்த வாய்க் கலத்துக்குக் ‘கலம்’ என்றும், மூடியுள்ளதற்கு ‘ஈமக்கலம்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. பாத்திரத்தையும் அணியையும் ஒருங்கே குறிப்பது கலம் என்னும் சொல். தோட்டத்தில் நிற்பது இரண்டுமேயாகும். தாழியை அகழாய்வுக்கே விட்டுவிடலாம். 1819இல் கீட்சு பாடிய கிரேக்கக் கலத்துக்கும் இது பொருந்தும். அவர் கைப்படப் படியெடுத்ததாகக் கருதப்படும் சித்திரம் லூவரின் சோசிபியோசு கலத்தினுடையது. அதுவும் பளிங்குக் கிராட்டரே.

கிளியந்து புரூக்சு 1947இல் வெளியிட்ட திறனாய்வு நூலின் தலைப்பில்தான் இப்பகுப்பு இடறுகிறது. அத்தலைப்பு சான் டன்னின் கவிதையிலிருந்து வந்தது; அங்கே கலத்துள் இருப்பது சாம்பல், ஆகவே ஈமக்கலம். அதே நூலின் கீட்சு இயலிலோ வெறுங்கலம் போதும். ஆனால் டன்னின் கலத்திலிருந்து கீட்சின் கலத்துக்கு அவர் தாவுவது இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதனாலேயே. அந்நூலைத் தமிழாக்குவோர் அத்தாவலை எவ்வாறு காப்பர் என்பதற்கு என் பரிந்துரையில் விடையில்லை.