நிலவுக்கு அஞ்சிய தளபதி

வாளேந்தியவனெல்லாம் வீரனா? சாவுக்கு அஞ்சாதவனெல்லாம் துணிவுடையவனா? இந்த வினாவை எழுப்ப இரண்டு தளபதிகளையே கூண்டிலேற்றுகிறார் பிளேட்டோ, ‘லாக்கீஸ்’ எனும் உரையாடல் நூலில்.

பிள்ளைகளுக்குப் போர்ப்பயிற்சி தரலாமா எனத் தந்தையர் இருவர் கேட்கின்றனர். பேச்சு வளர்ந்து, துணிவென்பது யாது என்ற வினாவில் வந்து நிற்கிறது. அணியைவிட்டு அகலாது நிற்பதே துணிவு என்கிறார் தளபதி லாக்கீஸ். பின்வாங்கியபடியே போரிடும் சித்தியர் கோழைகளோ என மடக்குகிறார் சாக்ரடீஸ். அப்படியானால் நெஞ்சுறுதியே துணிவு என்கிறார் லாக்கீஸ். அறிவற்ற உறுதி கேடன்றோ விளைக்கும்?

மற்றொரு தளபதி நிக்கியாஸ் வாதத்தில் இறங்குகிறார். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டாம் என அறியும் அறிவே துணிவு என்பது அவர் கட்சி. குறிசொல்வோன் வருவதைச் சொல்லலாம். எது நல்லதென்பதை அவன் அறியான் என்றும் பேசுகிறார். அழகான பேச்சு! ஆயினும் சாக்ரடீசின் கேள்விக்கணைமுன் அதுவும் நிலைக்கவில்லை. விடை காணாமலே நூல் முடிகிறது.

இதனைக் குறையென்பார் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. விடையை வரலாறு முன்பே எழுதிவிட்டது. பிளேட்டோவின் வாசகர் அதனை அறிவர்.

கி.மு. 413. சிசிலித் தீவில் சைரக்கியூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்ற ஏதென்சுப் படை, கப்பலேறித் தப்பும் வேளை. தலைவர் அதே நிக்கியாஸ். அன்றிரவு சந்திரகிரகணம்! படையினர் பதறினர். 27 நாட்கள் நகரலாகாது என்றனர் குறிசொல்வோர். பணிந்தார் நிக்கியாஸ். அதற்குள் பகைவர் துறைமுக வாயிலை அடைத்தனர். படை அழிந்தது. 7,000 பேருக்குக் குறையாதோர் கற்சுரங்கங்களில் அடைபட்டனர். நிக்கியாஸ் கொல்லப்பட்டார்.

பூமியின் நிழலே நிலவை மறைக்கிறது என அனக்சகோரஸ் அதற்கு முன்பே விளக்கியிருந்தார். பகைவரின் ஈட்டிக்கு அஞ்சாத தளபதி, ஒரு நிழலுக்கு அஞ்சினார்! ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது: லாக்கீசின் உறுதியின்றி நிக்கியாசின் அறிவு வெறும் சொல், அறிவின்றி உறுதி வெறும் முரட்டுத்தனம். அறிந்ததன்மீது நின்று, அலறும் கூட்டத்தின்முன் அசையாதிருப்பதே துணிவு.

தோழர்களே, நிக்கியாசை எள்ளி நகையாட நமக்கு உரிமையுண்டா? மேடையில் பகுத்தறிவு முழங்கிவிட்டு, மகளின் மணநாளைக் குறிக்கப் பஞ்சாங்கம் புரட்டுவோர் நம்மிடை இல்லையா? உறவினர் வருந்துவர், ஊர் பழிக்கும் என்பர். நிக்கியாசின் படையும் அப்படித்தான் பதறியது. துணிவு சோதிக்கப்படும் களம் மேடையன்று. நம் வீட்டு முற்றமே!