இரண்டு அறுவைகளுக்கு இடையே

செயற்கை இடுப்பு மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் மருந்தால் மட்டும் அதை விரட்டுவது அரிது. உலோகத்தின் மேல் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமொன்றைப் படரவிட்டு அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் அங்கே போதிய அளவு வேலை செய்வதில்லை. தொற்று புதியதாகவும் மூட்டு உறுதியாகவும் இருந்தால், உள்ளே கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாட்பட்ட தொற்றில் பெரும்பாலும் மூட்டைக் கழற்றியே ஆகவேண்டும். புதிய மூட்டை அன்றே பொருத்துவதா, சில மாதம் பொறுத்தா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பொறுத்துப் பொருத்தும் இரண்டு கட்ட முறைக்கே நெடுங்காலம் முதல் மரியாதை. முதல் அறுவையில் மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்டாலான தற்காலிக ‘ஸ்பேசரை’ வைப்பார்கள். தொற்று அடங்கியதாகத் தெரிந்த பின் இரண்டாம் அறுவையில் நிரந்தர மூட்டு. இதில் நியாயம் உண்டு: எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய அவகாசம் கிடைக்கிறது, தொற்று மிச்சமிருந்தால் மீண்டும் சுத்தம் செய்ய வாய்ப்பும் இருக்கிறது.

ஆனால் இந்த அவகாசத்துக்கு நோயாளி கொடுக்கும் விலை பெரிது. ஸ்பேசர் இடம் விலகலாம், உடையலாம். தசைகள் மெலிந்து சுருங்குகின்றன. சிமெண்டிலிருந்து கசியும் ஜென்டாமைசினும் சிரை வழி செலுத்தும் வான்கோமைசினும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நடமாட்டம் குறைந்த முதியவர்களில் சிலர் இரண்டாம் அறுவையைத் தாங்கும் நிலைக்குத் திரும்புவதே இல்லை. சிலர் இடையிலேயே இறந்துவிடுகிறார்கள். புது மூட்டு பொருத்தப்பட்டவர்களை மட்டும் வைத்து வெற்றி விகிதம் போடும் ஆய்வுகளில் இவர்கள் இடம்பெறுவதில்லை. இரண்டு கட்ட முறையின் நற்பெயரில் ஒரு பகுதி இந்தக் கணக்கு விடுபடலால் வந்தது.

ஒரே அறுவையில் மாற்றும் வழி புதிதல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ் குழுவினர் ஆன்டிபயாடிக் சிமெண்டைக் கொண்டு இதைச் செய்து, 583 நோயாளிகளில் சுமார் 77 சதவீதத்தினருக்கு முதல் முயற்சியிலேயே பலன் கிடைத்ததாக 1981இல் வெளியிட்டனர். 2022இல் வெளியான ‘இன்ஃபார்ம்’ ஆய்வு, பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் 140 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. மூன்றாம் மாதத்தில் ஒரே அறுவைப் பிரிவினர் வலியிலும் நடமாட்டத்திலும் முன்னே நின்றனர். பதினெட்டாம் மாதத்தில் வேறுபாடு இல்லை. அறுவையின்போது நேர்ந்த சிக்கல்கள் ஒரே அறுவைப் பிரிவில் 5 பேருக்கு, மற்றதில் 20 பேருக்கு.

இந்த முடிவையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளிகள் தாமே சொன்ன வலியும் இயக்கமுமே அதன் முதன்மை அளவுகோல். தொற்று திரும்புவதில் உள்ள சிறு வேறுபாட்டைக் கண்டறிய 140 பேர் போதாது. ஒரே அறுவையின் பலவீனமும் வெளிப்படையானது: கெட்ட திசு சிறிது தங்கினாலும் புது மூட்டு தொற்றின் நடுவே போய் அமரும். கிருமி தெரியாதபோது, மருந்துக்கு மசியாதபோது, எலும்பும் சதையும் பெரிதும் அழிந்திருக்கும்போது பொறுப்பதே விவேகம். எந்த வழியானாலும் மருந்துக் காலத்தைச் சுருக்குவது ஆபத்து. 2021இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 6 வாரம் மருந்து பெற்றவர்களில் 18.1 சதவீதத்தினருக்கும், 12 வாரம் பெற்றவர்களில் 9.4 சதவீதத்தினருக்கும் தொற்று நீடித்தது.

எனவே இரண்டு கட்ட முறையைக் கைவிடத் தேவையில்லை. அதை வழக்கமாகத் தொடர்வதைத்தான் கைவிட வேண்டும். கிருமி தெரிந்து, எலும்பு போதுமான அளவு இருக்கும் ஒருவரை மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளும் பழைய மூட்டைக் கழற்றிய நாளிலிருந்தே எல்லோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் எந்த முறை எவருக்கு நல்லது என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.